கையில் மறையும் கருவி

ஆவடி என்னும் பெயரைப் பற்றி ஒரு கதை உண்டு. படை ஊர்திகளும் வெடிப்பொருள்களும் வைத்திருந்த கிடங்கு ஒன்றின் ஆங்கிலப் பெயரில், சொல்லுக்கு ஓர் எழுத்தாகப் பொறுக்கி எடுத்துக் கோத்ததே இந்த ஊரின் பெயர் என்பர். சுவையான கதை! கேட்டவர் நம்புகின்றனர், நம்பியவர் பிறருக்கும் சொல்கின்றனர். கிடங்கு வருமுன் இந்த ஊருக்குப் பெயரே இல்லையா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. இருந்தது ஊர், இருந்தது பெயர். ஆக்கள் மேய்ந்த இடமாதலின் ஆவடி என்று பொருள் உரைப்போரும் உளர். இரண்டாம் உலகப் போர் வந்தது, படைக்கிடங்கு வந்தது, மாடு மேய்ந்த வெளியில் கம்பிவேலி முளைத்தது. 1955-ஆம் ஆண்டு சனவரியில் காங்கிரசு மாநாடு இங்கே கூடிச் சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று முழங்கிற்று. ஆறே ஆண்டுகள் கழித்து, 1961-இல், கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் முதல் விசயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. சமுதாயத்தின் பாணி மாறிற்றோ இல்லையோ, ஊரின் பாணி மாறிவிட்டது!

அந்த ஊரில், சங்கொலி கேட்டு எழுந்து சங்கொலி கேட்டு உண்ணும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிப்பவன் நான். ஐக்கிய நாட்டு மன்றத்தின் பணிகளைப் பற்றிய பாடம் நடந்த ஒருநாள். சட்டத்துக்குப் புறம்பான சிறு ஆயுதங்களின் பரவலைத் தடுக்க நாடுகள் ஒன்றுகூடி முயல்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, என் அப்பா டாங்கித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அதுவும் ஆயுதம்தானே? அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், படம் எடுத்துச் சுவரில் மாட்டுகிறார்கள். துப்பாக்கியை ஒளித்துக் கொண்டு வருபவனை மட்டும் ஏன் ஐயா சிறையில் போடுகிறார்கள்?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நல்ல கேள்வி தம்பி, நாளை சொல்கிறேன்" என்றேன். நாளை என்பது வாரமாயிற்று. அவனுக்குச் சொல்லத் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டாங்கியை எவனும் மடியில் மறைத்துக்கொண்டு பேருந்தில் ஏற முடியாது. அது நகர்ந்தால் நிலம் அதிரும். அதற்கு எண்ணெய் வேண்டும், உதிரி உறுப்பு வேண்டும், பயின்ற ஆள் வேண்டும். இவ்வளவையும் ஓர் அரசுதான் தாங்கும். துப்பாக்கியோ அப்படியன்று. ஒருவன் தனியே தூக்கலாம், சாக்கில் சுற்றலாம், படகின் அடித்தட்டில், கருவாட்டுக்குக் கீழே, கிடத்தலாம். ஐக்கிய நாட்டு மன்றம் அமைத்த வல்லுநர் குழு 1997-இல் வகுத்த இலக்கணமும் இதுவே: ஒருவர் தனியே சுமந்து சுடக்கூடியவை சிறு ஆயுதங்கள், இருவர் மூவர் சேர்ந்து சுமப்பவை இலகு ஆயுதங்கள். கைத்துப்பாக்கி முதல் தாக்குத் துப்பாக்கி வரை முன்னதில் அடங்கும். 100 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழல் கொண்ட எறிகணைப் பீரங்கிகள் பின்னதில் அடங்கும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சிறு ஆயுத ஆய்வு நிறுவனம் 2017-ஆம் ஆண்டின் இறுதிக்குப் போட்ட கணக்கின்படி உலகில் 100 கோடிக்கு மேல் துப்பாக்கிகள். அவற்றில் படைகளிடம் இருப்பவை 13 கோடிச் சொச்சம். காவல் துறைகளிடம் இரண்டு கோடிச் சொச்சம். மீதி 85 கோடிக்கு மேற்பட்டவை யாரிடம்? படையிலும் இல்லாத, காவலிலும் இல்லாத தனி மனிதரிடம்!

இன்னுமொன்று. துப்பாக்கிக்கு ஆயுள் அதிகம். எண்ணெயிட்டுத் துணி சுற்றி வைத்தால், அதைச் செய்தவன் செத்த பின்னும், வாங்கியவன் செத்த பின்னும், எந்தப் போருக்காக வாங்கினார்களோ அந்தப் போரே செத்த பின்னும், அது சுடும்.

நாடுகள் கூடித் தடுப்பது நல்லதுதானே என்று உடனே தலையாட்டிவிட எனக்கு மனமில்லை. யார் கையிலிருந்து யார் பறித்தனர் என்று வரலாற்றைக் கேட்க வேண்டும். தமிழகத்தின் கதையிலிருந்தே தொடங்கலாம். 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801 அக்டோபரில் மருது உடன்பிறந்தார் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டான். தென்சீமையில் பாளையக்காரரும் அவர்தம் குடிகளும் படைக்கலம் வைத்திருத்தல் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும், மீறினால் கடுந்தண்டனை! ஈட்டியும் வாளும் துப்பாக்கியும் குவிந்தன. அமைதி வந்தது என்று கும்பினியார் எழுதி வைத்தனர். கல்லறையிலும் அமைதி உண்டு.

1878-இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், வெள்ளையனுக்கோ விலக்கு! உள்நாட்டில் இப்படி என்றால், உலக அரங்கிலும் இப்படித்தான். 1890-ஆம் ஆண்டு பிரசெல்சு நகரில் வல்லரசுகள் கூடின. அடிமை வணிகத்தை ஒழிப்பது நோக்கம் என்றன. ஒழிக்க வேண்டியதே, மறுப்பார் யார்? அந்த உடன்படிக்கையில் ஒரு பகுதி, வடக்கே 20 பாகை முதல் தெற்கே 22 பாகை வரையுள்ள ஆப்பிரிக்க நிலத்துக்குத் துப்பாக்கி அனுப்பக்கூடாது என்று கட்டுப்படுத்திற்று. படைக்கலப் பரவலைத் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்ட தொடக்ககால ஏற்பாடுகளுள் ஒன்று அது. அதே ஆப்பிரிக்காவில், அதே ஆண்டுகளில், மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைத் தோளில் சுமந்து நுழைந்தவர்கள் யார்? கையெழுத்திட்டவர்களே! கறுப்பன் கையில் இருந்தால் கடத்தல். வெள்ளையன் கையில் இருந்தால் நாகரிகம்!

முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் ஓர் ஒப்பந்தம், 1925-இல் செனீவாவில் மற்றோர் ஒப்பந்தம் எழுதப்பட்டன. இரண்டும் நடைமுறைக்கு வராமலே ஏட்டில் உறங்கின. அவற்றைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நம் தெருவுக்கு வருவோம். நியூயார்க்கு மாநாட்டு மண்டபத்தைவிடப் பூந்தமல்லி நெடுஞ்சாலை இந்தப் பொருளை நன்றாகக் கற்பிக்கும்.

1982-ஆம் ஆண்டு மே 19. சென்னை தியாகராய நகர், பாண்டி பசார். துணி வாங்குவோரும் பூ வாங்குவோரும் நெருக்கியடிக்கும் கடைத்தெருவில் துப்பாக்கி வெடித்தது. சுட்டுக்கொண்டவர்கள் வேலுப்பிள்ளை பிரபாகரனும் உமா மகேசுவரனும். இருவரும் தமிழர், இருவரும் ஒரே இயக்கத்தில் இருந்து பிரிந்தவர்கள், இருவரும் ஈழ விடுதலை வேண்டியவர்கள். சிங்களப் பேரினவாதம் ஒருபுறம் இருக்க, முதல் குண்டுகள் சென்னைத் தெருவில் தமிழன் தமிழனை நோக்கிப் பாய்ந்தன. அன்று அதை ஒரு குற்றச் செய்தியாக எண்ணித்தான் ஊர் படித்தது.

அடுத்த ஆண்டு கறுப்பு சூலை. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் கைதிகள் கொல்லப்பட்டனர். தமிழகம் கொதித்தது. கொதித்ததில் தவறில்லை. கொதிக்காதிருந்தால் நாம் மனிதரே அல்லர். கடல் கடந்து வந்த அகதிகளுக்குக் கஞ்சி ஊற்றினோம், கூரை தந்தோம். அத்தோடு நின்றதா? இந்திய உளவு அமைப்பு போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி தந்தது, படைக்கலம் தந்தது. ஒன்றுக்கன்று, பல குழுக்களுக்கு! இதையெல்லாம் செயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையே விரிவாகப் பேசுகிறது. ஒரு கையால் தந்ததைப் பின்னர் இன்னொரு கையால் திரும்பப் பெறலாம் என்று தில்லியில் இருந்தோர் எண்ணினர் போலும்.

திரும்பப் பெற முடிந்ததா? 1986 ஏப்பிரல், மே திங்களில் புலிகள் டெலோ இயக்கத்தை யாழ்ப்பாணத்தில் அழித்தனர். அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் மே 6-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்களப் படை சுட்டு மாண்டாரா? இல்லை! அதே ஆண்டு நவம்பர் முதல் நாள், தீபாவளி. சென்னைச் சூளைமேட்டில், போராளிக் குழு ஒன்றைச் சேர்ந்தவர்களுக்கும் தெருவாசிகளுக்கும் தகராறு. தகராறு எந்தத் தெருவில்தான் இல்லை? கல்லால் முடியும், கைகலப்பால் முடியும், மறுநாள் சமரசத்தால் முடியும். அன்று துப்பாக்கி இருந்தது. ஆகவே துப்பாக்கியால் முடிந்தது. உள்ளூர் இளைஞர் ஒருவர் மாண்டார். எட்டாம் நாள் விடியற்காலையில் தமிழகக் காவல்துறை மாநிலமெங்கும் ஒரே நேரத்தில் பாய்ந்து, போராளிகளின் இருப்பிடங்களைச் சோதித்துக் கருவிகளைப் பறித்தது. பெங்களூரில் சார்க்கு மாநாடு கூடவிருந்த நேரம் அது. பறித்தவற்றுள் செய்தித் தொடர்புக் கருவிகளைத் திருப்பித் தர வேண்டுமென்று பிரபாகரன் அதே திங்களில் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தார்; அவையும் திருப்பித் தரப்பட்டன. படைக்கலக் கட்டுப்பாடு என்பது அறமாக நடைபெறாமல் அரசியல் வானிலையாக மாறிவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒருநாள் மழை, மறுநாள் வெயில்.

1987 சூலை 29-இல் இந்திய இலங்கை உடன்பாடு. போர் நிறுத்தம் தொடங்கியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் கருவிகள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. எழுபத்திரண்டு மணி நேரம்! நான்கு ஆண்டுகளாகக் கொடுத்தவை, கடல் வழி வந்தவை, எதிரியிடம் பறித்தவை, மண்ணில் புதைத்தவை அனைத்தும் மூன்று பகல் மூன்று இரவில் வந்துவிடுமாம்! ஆகஸ்டு 5-இல் பலாலியில் ஓர் ஒப்படைப்பு நடந்தது. படங்கள் எடுக்கப்பட்டன. ஒப்படைக்கப்பட்டவை சில, ஒளிக்கப்பட்டவை பல. அக்டோபரில் போர் வெடித்தது. இந்தியப் படையினர் ஆயிரவருக்கு மேல் மாண்டனர். அவர்களை எதிர்த்து நின்றவர்களுள் இந்திய மண்ணில் பயின்றவர்களும் இருந்தனர். எத்தனை ஈழத் தமிழர் மாண்டனர் என்று நாம் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னர்க் கருவி திரும்பி வந்தது. 1989 சூலை 13-இல் கொழும்பில் அமிர்தலிங்கம், நாடாளுமன்ற வழியில் தமிழர்க்காக வாதாடியவர், தமிழரால் கொல்லப்பட்டார். 1990 சூன் 19-இல் சென்னை கோடம்பாக்கம் சக்கரியா காலனியில், அடுக்குமாடிக் குடியிருப்பில், ஈ.பி.ஆர்.எல்.எப். தலைவர் பத்மநாபாவும் தோழர்கள் பலரும் ஏ.கே.47 துப்பாக்கிகளாலும் கைக்குண்டுகளாலும் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் ஊர்தியேறிக் கடற்கரை சென்று கடல் கடந்துவிட்டனர். பாண்டி பசாரில் வெடித்தது கைத்துப்பாக்கி. எட்டு ஆண்டுகளில் கோடம்பாக்கத்தில் வெடித்தது போர்க்களத் துப்பாக்கி. கருவியின் வளர்ச்சியைப் பாருங்கள்!

1991 மே 21-இல் திருப்பெரும்புதூர். அங்கே வெடித்தது உடலில் கட்டிய குண்டு, துப்பாக்கி அன்று. ஆகவே என் கட்டுரையின் எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிறது. ஆயினும் அந்த வழக்கு நடந்த இடம் நம் பூந்தமல்லி. திருப்பெரும்புதூருக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில், காவலுக்கு மேல் காவல் போட்ட தனி நீதிமன்றத்தில், 1998 சனவரி 28-இல் இருபத்தாறு பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுள் பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. கருவியை அனுப்பியவர், வழி விட்டவர், காசு கொடுத்தவர் எங்கோ இருக்க, கயிற்றின் நிழலில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுள் பத்தொன்பது பேர் அந்தக் கொலையைச் செய்யாதவர்கள்! அந்த வழியே பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணிக்கைதான் நினைவுக்கு வரும்.

கருவிகள் எங்கிருந்து வந்தன? இந்தியா கொடுத்தது தொடக்கத்தில். இந்தியா கையை விரித்ததும் உலகச் சந்தை கையை நீட்டியது. புலிகளின் கொள்முதல் பிரிவைக் குமரன் பத்மநாதன் நடத்தினார். கப்பல்கள் இருந்தன, வேற்று நாட்டுக் கொடிகள் இருந்தன, பல பெயரில் கணக்குகள் இருந்தன. கம்போடியாவில் போர் ஓய்ந்தது. அங்கே மிஞ்சிய துப்பாக்கிகள் தாய்லாந்து வழியாகக் கடலேறின. கெமர் மக்களைக் கொன்றது போதாதென்று வன்னிக்கு வந்தன. 1993 சனவரியில் வங்கக் கடலில் இந்தியக் கடற்படை ஒரு கப்பலை மறித்தது. கிட்டு அதில் இருந்தார். கப்பல் தீப்பற்றி மூழ்கியது, அவரும் மாண்டார்.

இந்தச் சந்தையின் சாவி ஒரு தாள். படைக்கலம் விற்கும் நாடு, வாங்கும் அரசிடம் ஒரு சான்று கேட்கும்: இது எங்கள் பயனுக்கே, வேறு எவர் கைக்கும் போகாது என்று எழுதித் தர வேண்டும். ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. அவ்வளவே! முத்திரையைப் போலியாக வெட்டலாம். கையெழுத்தை விலைக்கு வாங்கலாம். 1997 மே திங்களில் நடந்ததைக் கேளுங்கள். இலங்கை அரசு ஜிம்பாப்வே நாட்டின் படைக்கலத் தொழிற்சாலையிடம் 81 மில்லிமீட்டர் எறிகணைகள் 32,400 வாங்கிற்று. மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் கப்பலேறின. கொழும்பு காத்திருந்தது. கப்பல் வரவில்லை! ஏற்றிச் சென்றது புலிகளின் கப்பல். இலங்கை அரசின் பணத்தில் வாங்கிய எறிகணைகள் இலங்கைப் படையின் மேலேயே விழுந்தன. இதைச் சூழ்ச்சித்திறம் என்று வியப்போர் உண்டு. நான் வியக்கமாட்டேன். அந்த எறிகணைக்குச் சிங்களச் சிப்பாயின் மண்டபத்தையும் தமிழ்க் கிழவியின் குடிசையையும் பிரித்தறியத் தெரியாது.

இதே தாளின் திருவிளையாடல் நம் வானத்திலும் நடந்தது. 1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கம் புருலியா மாவட்டச் சிற்றூர்களின் மேல் ஒரு வானூர்தியிலிருந்து பெட்டிகள் வீழ்ந்தன. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்த சிற்றூர் மக்கள் கண்டவை நூற்றுக்கணக்கான ஏ.கே.47 துப்பாக்கிகள், பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள். பல்கேரியாவில் ஏற்றப்பட்டவை. வங்கதேசத்துக்கு என்று சான்று! வானூர்தி லாட்வியாவிலிருந்து வாங்கியது. ஏற்பாடு செய்தவன் டென்மார்க்குக்காரன். இடையில் நின்ற வணிகன் பீட்டர் பிளீச்சு என்னும் ஆங்கிலேயன். இந்தப் பிளீச்சு தன் நாட்டு அதிகாரிகளிடம் முன்னரே சொல்லிவிட்டான். பிரிட்டன் இந்தியாவுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. ஆகவே பன்னாட்டு ஒத்துழைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஒத்துழைப்பு இருந்தது, கடிதம் வந்தது, பெட்டியும் வீழ்ந்தது! அம்மட்டோ? கருவி கொட்டிய அதே வானூர்தி, தாய்லாந்து சென்று திரும்பும் வழியில், நம் சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு பறந்தது. பம்பாய்க்கு அருகில்தான் அதை மறித்து இறக்கினர். அந்த டென்மார்க்குக்காரன் பம்பாய் நிலையத்திலிருந்தே நழுவிவிட்டான். அவனை ஒப்படைக்க டென்மார்க்கு நீதிமன்றங்கள் 2011-இல் மறுத்தன, 2024-இலும் மறுத்தன. கருவிக்கு எல்லை இல்லை. நீதிக்குத்தான் கடவுச்சீட்டு வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் உலக மன்றம் கண் விழித்தது. அணுகுண்டைப் பற்றி அரை நூற்றாண்டாகப் பேசியவர்கள், நாள்தோறும் கொல்லும் துப்பாக்கியை 1995-இல்தான் தனிப்பொருளாக எடுத்துக்கொண்டனர். 2001 மே 31-இல் துப்பாக்கிகள் பற்றிய நெறிமுறை நிறைவேறியது. 2005-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2011-இல் அதில் இணைந்தது. 2001 சூலை 9 முதல் 20 வரை நியூயார்க்கில் பெரிய மாநாடு. சட்டத்துக்குப் புறம்பான சிறு ஆயுத வணிகத்தைத் தடுத்து ஒழிக்கும் செயல்திட்டம் ஒன்று ஏற்கப்பட்டது. ஒவ்வொரு நாடும் தன் கிடங்கைக் காக்க வேண்டும்; துப்பாக்கிக்கு அடையாளம் பொறிக்க வேண்டும்; மிகுதியானவற்றை அழிக்க வேண்டும்; ஏற்றுமதிக்குச் சட்டம் செய்ய வேண்டும்; ஒருவருக்கொருவர் செய்தி தர வேண்டும். எல்லாம் வேண்டும், வேண்டும் என்றுதான் இருந்தது! வேண்டாதவனைக் கட்டாயப்படுத்த ஒரு வரி இல்லை.

இரண்டு பொருள்களில் அந்த மாநாடு தடுக்கி விழுந்தது. தனி மனிதர் போர்த் துப்பாக்கி வைத்திருப்பதைக் கட்டுப்படுத்துவது ஒன்று. அரசு அல்லாத குழுக்களுக்குக் கருவி தருவதைத் தடை செய்வது மற்றொன்று. ஆப்பிரிக்க நாடுகள் மன்றாடின. அமெரிக்கா மறுத்தது. அவ்விரண்டும் நீக்கப்பட்ட பிறகே திட்டம் நிறைவேறியது. தலைவராயிருந்த கொலம்பியாவின் கமிலோ ரேயெசு தம் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. 2006-இல் மறு ஆய்வு மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் இலங்கையின் பிரசாத் காரியவசம். இரண்டு வாரம் பேசி, ஒரு முடிவும் எழுதாமல் கலைந்தனர். அந்தத் திங்களில் இலங்கையில் போர்நிறுத்தம் குலைந்துகொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கையில், தலைவரின் நாற்காலி எவ்வளவு சூடாக இருந்திருக்கும்!

2013 ஏப்பிரல் 2-இல் படைக்கல வணிக ஒப்பந்தம் வாக்குக்கு வந்தது. இது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இனப்படுகொலைக்குப் பயன்படும் என்று தெரிந்தால் விற்கக்கூடாது. வழியில் வேறு கைக்குத் திரும்புமா என்று ஆராயாமல் அனுப்பக்கூடாது. ஆதரவு 154, எதிர்ப்பு 3, நடுநிலை 23. ஈரான், வடகொரியா, சிரியா எதிர்த்தன. நடுநிலை வகித்தவர்களுள் இந்தியா உண்டு, இலங்கை உண்டு! முள்ளிவாய்க்கால் நடந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியா சொன்ன காரணங்கள் இரண்டு. அரசு அல்லாத குழுக்களுக்கும் பயங்கரவாதிகளுக்கும் கருவி போவதை ஒப்பந்தம் உறுதியாகத் தடுக்கவில்லை; விற்கும் நாடுகள் வாங்கும் நாடுகளின் கழுத்தில் கத்தி வைக்க இடமிருக்கிறது. 1890-ஐ அறிந்தவன் இரண்டாவது காரணத்தை எளிதில் தள்ள மாட்டான். விற்பவன் எழுதிய விதி விற்பவனுக்கே இனிக்கும். முதல் காரணமும் மெய்தான். ஆனால் அதைச் சொன்ன வாய் எது? 1983-க்குப் பின் அரசு அல்லாத குழுக்களுக்குக் கருவி கொடுத்த நாடு அல்லவா! அந்தக் கருவி சூளைமேடு வரை வந்து சுட்டதைக் கண்ட நாடு அல்லவா! குறையுள்ள ஒப்பந்தத்தில் உள்ளே நின்று திருத்தக் கேட்பது ஒருவழி. வெளியே நின்று குறை சொல்வது மற்றொரு வழி. நாம் இரண்டாவதைத் தேர்ந்தோம். 110 நாடுகளுக்கு மேல் அதில் இணைந்துவிட்டன; 2020-இல் சீனாவும் இணைந்தது. என் கருத்தில், நம் விலகல் தவறு.

மாணவனுக்கு நான் சொல்ல விரும்பியது இந்த வாக்குக் கணக்கை அன்று. துப்பாக்கியில் பொறிக்கும் எண்ணைப் பற்றிச் சொல்ல விரும்பினேன். 2005 டிசம்பரில் ஐக்கிய நாட்டுப் பொது அவை, துப்பாக்கிகளை அடையாளம் கண்டு தடம் பிடிப்பதற்கான ஏற்பாட்டை ஏற்றது. அதற்கு வழிவகுத்த வல்லுநர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இந்தியாவின் இராகேசு சூட். நாம் பெருமைப்படலாம், பெருமைப்படும் இடங்கள் இந்தக் கதையில் குறைவு. செய்தவர் யார், செய்த நாடு எது, வரிசை எண் என்ன என்று ஒவ்வொரு துப்பாக்கியிலும் நிலையாகப் பொறிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஓரிடத்தில் கள்ளத் துப்பாக்கி சிக்கினால், எண்ணைக் கொண்டு செய்த நாட்டைக் கேட்கலாம். எவருக்கு விற்றாய்? அவன் எவனுக்கு விற்றான்? இப்படிப் படியேறிச் சென்றால், நல்ல கை எந்தப் படியில் கெட்ட கையாயிற்று என்பது தெரிந்துவிடும்.

எண்ணை அராவி அழித்துவிட்டால்? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பொறிமுன் நிற்கும் தொழிலாளியைக் கேளுங்கள், விளக்குவார். அச்சுக்கட்டையால் அறைந்து எண் பதிக்கும்போது மேற்பரப்பு மட்டுமன்றி அதற்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்குகிறது. மேலே அராவினாலும் அடியில் நசுங்கல் இருக்கும். தடயவியலார் தக்க அமிலத்தைத் தடவ, அழிந்த எண் மங்கலாக மேலெழும். கள்வன் அழித்ததை உலோகம் நினைவில் வைத்திருக்கிறது! பிளாசுடிக்கு உடல் கொண்ட துப்பாக்கிகளும் முப்பரிமாண அச்சில் வார்க்கும் துப்பாக்கிகளும் வந்துவிட்ட இந்நாளில் அந்த நினைவு மங்குவதாகக் கவலைப்படுகின்றனர், கவலை நியாயமானதே.

ஔவை தூது சென்று தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டதைப் புறநானூறு கூறும். நெய்பூசி, மாலை சூட்டி, ஒழுங்காக அடுக்கி வைத்த கருவிகள். அதியமானுக்காகத் தொண்டைமானை எள்ளிய பாட்டு அது. நம் தொண்டை மண்டலத்து ஆசிரியன் ஒருவன் இன்று அதைப் படிக்கையில் வேறொன்று தோன்றுகிறது. அடுக்கி வைத்த கருவியை எண்ணலாம். எண்ணிய கருவி காணாமற்போனால் தெரியும். கள்ளச் சந்தைக்கு வரும் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை எங்கோ ஓர் அரசுத் தொழிற்சாலையிலோ உரிமம் பெற்ற தொழிற்சாலையிலோ சட்டப்படி பிறந்தவையே; கணக்குப் புத்தகம் தூங்கிய ஓர் இரவில்தான் அவை கள்ளப் பிள்ளைகளாயின. திருச்சியில் 1966 முதல் துப்பாக்கி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே பிறக்கும் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, ஏடு உண்டு.

2019 டிசம்பரில் நம் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. கள்ளக்கடத்தல் எது என்று வரையறுத்து, ஆயுள் தண்டனை வரை விதித்தது. 2021 மார்ச்சில், விழிஞ்ஞத்துக்கு அப்பால் கடலோரக் காவல்படை இலங்கைப் படகு ஒன்றை மறித்தது. 300 கிலோ எராயின், ஐந்து ஏ.கே.47, ஆயிரம் தோட்டா. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள்! கொள்கை போயிற்று, கொடி போயிற்று. துப்பாக்கி மட்டும் போதைப் பொருளோடு கூட்டுச் சேர்ந்து பயணம் செய்கிறது. விசாரணை சென்னை வரை நீண்டது. இங்கே தங்கியிருந்த இலங்கையர் கைதாயினர்.

இவற்றையெல்லாம் சுருக்கி வகுப்பில் சொன்னேன். உன் தந்தை செய்யும் ஊர்திக்கு எண் இருக்கிறது, ஏடு இருக்கிறது, கேட்டால் நாடாளுமன்றத்தில் விடை சொல்ல ஓர் அமைச்சர் இருக்கிறார். கடத்தி வருவதற்கு அவை இல்லை. வேறுபாடு அங்கே இருக்கிறது என்றேன். அவன் உட்காரவில்லை. "அப்பா வேலை செய்யும் இடத்தில் எண் அடிக்காத உறுப்பை வாங்க மாட்டார்கள் ஐயா, திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றான். பிறகு, "1983-இல் நம் அரசு கொடுத்தவற்றில் எண் இருந்ததா ஐயா?" என்று கேட்டான்.

மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு அறிவியல் ஆசிரியர் வாசலில் நின்றார்.